எடைக்குப் போகும் ஆஸ்பத்திரிப் பேரேடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த 18 பேர் சென்ற மாதம் மதுரையிலிருந்து வேன் பிடித்துத் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்குப் போய்வந்தோம். 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் நடத்திய தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தின் எச்சங்களைக் காண்பதே எங்கள் நோக்கம். மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த பிரெஞ்சு ஓவியங்களின் முன்னால்தான் எப்போதும்போல் கூட்டம். எங்களைக் கட்டிப்போட்டவையோ கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள்.

நோயாளியின் குறை என்ன, செய்த சிகிச்சை என்ன என்று ஆங்கிலத்திலும், அந்நாளில் மராத்தியை விரைந்தெழுதப் பயன்பட்ட மோடி எழுத்திலும் குறித்து, கூடவே கண்ணையும் வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். எங்களுடன் வந்திருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "புரை முத்தின கண்ணு சார் இது, பாப்பா வெள்ளையாயிருச்சு பாருங்க" என்றார். விளக்கக் குறிப்பை யாரும் படிப்பதற்கு முன்பே, ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முந்தைய நோயாளிக்கு அவர் நோய் சொல்லிவிட்டார். மன்னரே கத்தி பிடித்தாரா என்று வேனில் எழுந்த வாக்குவாதம் மேலூர் தாண்டியும் ஓயவில்லை.

இக்கடிதம் எழுதக் காரணம், அதே அம்மையார் வழியில் சொன்ன செய்தி. முன்பு அவர் பணியாற்றிய மருத்துவமனை ஒன்றில், சிவப்புத் துணி ஒட்டிய தடித்த அறுவைச் சிகிச்சைப் பேரேடுகளை மூட்டை கட்டி, பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டார்களாம். மயக்க மருந்துக்கான கட்டத்தில் 'ஈதர்' என்று நீல மையில் எழுதிய பக்கம் இன்னும் தம் கண்ணில் நிற்கிறது என்றார்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லை என்பதை நாங்களும் அறிவோம். ஆனால், 1954-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், பெரியவர்கள் இன்றும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே சொல்லும் இராசாசி மருத்துவமனையும் உள்ள மதுரையில், இத்தகைய பேரேடுகளுக்கென்று ஓர் அறை ஒதுக்க முடியாதா? பழைய பதிவேடுகளைக் கழிக்குமுன், மூத்த மருத்துவர் ஒருவரும் ஆவணக் காப்பகத்தார் ஒருவரும் பார்த்து, பத்தாண்டுக்கு ஓரிரு பேரேடுகளையாவது எடுத்துவைக்க வேண்டும் என அரசு ஆணையிடலாம். நோயாளிகளின் பெயரை மறைத்தே பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தூசி தட்டவும் பட்டியல் எழுதவும் ஆள் வேண்டுமென்றால், எங்கள் வட்டத்தில் ஆறு பேர் சனிக்கிழமைதோறும் வந்து உதவ ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
செல்லூர், மதுரை.