தரவுத்தளத்தை எப்போது மறுசீரமைப்பது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி எங்கள் அனைவருக்கும் மகிழ்ச்சி தந்தது. உங்கள் அலுவலகத்தில் தரவுத்தளத்தை மாதந்தோறும் மறுசீரமைக்க, அதாவது வெற்றிடங்களை நீக்கி நெருக்கமாகத் திரும்ப எழுத, சொல்வது சரிதானா என்று கேட்டிருந்தாய். நாட்காட்டியைப் பார்த்து முடிவெடுக்கும் காரியமில்லை அது என்பதே என் எண்ணம்.

போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் ஒரு வரிசையைத் திருத்தினாலும் அழித்தாலும் அதன் பழைய பிரதி உடனே மறைவதில்லை. பிறகு ஆட்டோவேக்யூம் என்னும் தானியங்கித் துப்புரவு வந்து அந்த இடத்தைப் புதிய வரிசைகளுக்கு விடுவிக்குமே தவிர, கோப்பின் அளவைப் பெரும்பாலும் குறைக்காது. இப்படி வெற்றிடம் சேர்ந்து வீங்கிய அட்டவணையை முழுதாகப் படிக்கும் வினவல்களின் (தரவு கேட்கும் கட்டளைகளின்) செலவு மெல்ல ஏறுகிறது. அட்டவணையை முழுதாகத் திரும்ப எழுதும் வேக்யூம் ஃபுல் கட்டளையை ஓட்டினால் கோப்பு சுருங்கும். ஆனால் அது முடியும்வரை அட்டவணையை எவராலும் படிக்கக்கூட முடியாது என்பதோடு, புதிய பிரதியை எழுத வட்டில் கூடுதல் இடமும் வேண்டும்.

இதே கேள்வியைக் கணினி அறிஞர் பென் ஷ்னைடர்மன் 1973லேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்கொண்டார். தேடும் செலவு ஒரே சீராக ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், கடைசிச் சீரமைப்புக்குப் பின் இந்த ஏற்றத்தால் சேர்ந்த மொத்த வீண்செலவு அடுத்த சீரமைப்பின் செலவை எட்டும் நாளே உரிய நாள். பேச்சுக்கு, ஒரு சீரமைப்புக்கு 1,800 ரூபாய் ஆகிறது, அன்றாட வீண்செலவோ நாளுக்கு 4 ரூபாய் வீதம் கூடிக்கொண்டே போகிறது என்றால், 30 நாளில் அது மொத்தம் சுமார் 1,800 ரூபாய் சேரும்; ஆகவே 30 நாள் இடைவெளி சரி. 1 ரூபாய் வீதம்தான் கூடுகிறது என்றால் 60 நாள். முதல் கணக்கில் 60 நாள் காத்திருந்தாலும், வீண்செலவும் சீரமைப்பும் சேர்ந்த நாட்சராசரி 120 ரூபாயிலிருந்து 150 ஆகும், அவ்வளவே. ஆகவே நாளைத் துல்லியமாகக் குறிக்க மெனக்கெடத் தேவையில்லை.

பலரும் கவனிக்கத் தவறுவது வேறொன்று. விடுவித்த இடத்தைப் புதிய வரிசைகளே நிரப்பிக்கொண்டிருந்தால் வீக்கம் ஓரளவில் நின்றுவிடும். அதைச் சுருக்கினாலும் சில நாட்களில் பழைய அளவுக்கே வந்து சேரும். அத்தகைய அட்டவணையை நான் தொடவே மாட்டேன். பழைய பதிவுகளை மொத்தமாக அழித்து, அந்த இடம் இனி நிரம்பாது என்று தெரிந்தால் மட்டும் ஒரு முறை சுருக்குவேன். அதற்கும் அட்டவணையை நெடுநேரம் பூட்டி வைக்காத பிஜி_ரீபேக் என்னும் கருவி போதும். வாடகை வட்டுக்கு ஒதுக்கிய அளவுக்கே கட்டணம் என்றால், கோப்பு சுருங்கியதால் மட்டும் பில் குறையாது என்பதையும் மேலாளரிடம் சொல்.

பிஜிஸ்டாட்டப்பிள் என்னும் அளவுக் கருவி காட்டும் வெற்றிட அளவுகளை வாரம் ஒரு முறை குறித்து அனுப்பு. இரண்டு மாதக் கணக்கு கைக்கு வந்ததும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்