டீச்சர், அவன் கேட்காமலே போகட்டும்

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன், உங்கள் நான்காம் ஆண்டு வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா. பெயர் போடக் கூடாது என்று அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். யாரென்று உங்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பிலேயே அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் இப்படி ஒரு பிள்ளை வேறு வகுப்பிலும் இருக்கலாம், அந்த டீச்சரும் படிக்கட்டுமே என்று இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வகுப்பில் வெண்பலகைக்குப் பக்கத்து ஆணியில் ஒரு மரத்துண்டு தொங்குகிறது. அதுதான் 'பாஸ்'. அதை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்தால்தான் அடுத்தவர் தண்டாஸுக்கு, அதாவது கழிப்பறைக்கு, போகலாம். அத்தனை பிள்ளைகளைக் கட்டி மேய்க்க அது வேண்டியதுதான். ஆனால் போன மாதம் ஒருநாள் அந்த ஆணி காலியாக இருந்த ஐந்து நிமிடத்தில் என் மகன் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டான். யாரிடமும் சொல்லவில்லை. அன்று வேனில் பி.ஜே. (உடற்கல்வி) சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீட் இருந்தும் உட்காராமல் நின்றபடியே வந்தானாம்.

அவனுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி திசைமாறிப்போய், பெருங்குடலின் உட்புறத் தோல் வீங்கிப் புண்ணாகிற நோய். ஆசனவாய்க்கு மேலே உள்ள மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேலே ஏறும். பெரியவர்களில் பலருக்கு அது பாதியில் நின்றுவிடும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பெருங்குடல் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. புண்ணான மலக்குடலால் எதையும் தேக்கி வைக்க முடியாது. ஒரு ஸ்பூன் அளவு ரத்தமும் சளியும் வந்தாலும் 'இப்பவே' என்று முடுக்கும். “கொஞ்சம் அடக்கிக்கோ” என்று நானும் ஆரம்பத்தில் திட்டியிருக்கிறேன், டீச்சர். அடக்குவது அவன் கையில் இல்லை.

முதலில் ரத்தம் பார்த்தபோது மாமியார் உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். பக்கத்துக் கிளினிக்கில் மூலம் என்றார்கள். அப்படியே மூன்று மாதம் போனது, அவன் நான்கு கிலோ இளைத்தான். பெரிய மருத்துவமனையில் மலத்தைச் சோதித்துக் கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மயக்க மருந்து கொடுத்து, குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்து, சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகுதான் பெயர் தெரிந்தது. நம் மலேசியாவில் மலாய்க்காரர்கள், சீனர்களைவிட இந்தியர்களிடம்தான் இது அதிகம் என்று இங்கே நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியிருந்தும் நம் வீடுகளில் பேர்கூடத் தெரியாத நோய் இது.

ஒட்டுவாரொட்டி இல்லை. பக்கத்தில் யாரும் தாராளமாக உட்காரலாம். கறிபாப் தின்றதால் வந்ததும் இல்லை. கேன்டீனில் நீங்கள் அவன் தட்டைப் பார்த்துக் கவலைப்பட்டதாகச் சொன்னான். அந்த அக்கறைக்கு நன்றி. நோய் மூண்டிருக்கும் நாளில் காரத்தையும் நார்ச்சத்தையும் குறைக்கிறோம். மற்ற நாளில் எல்லாரையும் போலத்தான் சாப்பிடுகிறான், சாப்பிடவும் வேண்டும். இந்த நோய் வளர்த்தியையும் பிடித்து நிறுத்தும். கதவு நிலையில் பென்சிலால் போடுகிற உயரக்கோடு போன வருடம் முழுக்க நகரவே இல்லை.

இப்போது முகம் உப்பியிருக்கிறதே, அது பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையின் வேலை. பிள்ளைகள் அவனை 'பாவ்' என்று, அந்த உப்பிய ஆவி பன்னின் பெயரால், கூப்பிடுகிறார்கள். வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் அன்றிலிருந்து பள்ளிப் படத்துக்கு நிற்க மாட்டேன் என்கிறான். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்கிறார்கள். குறையக் குறைய முகமும் வடியும்.

கூடவே அசாத்தியோபிரின் தொடங்கியிருக்கிறோம். அது எதிர்ப்புச் சக்தியைத் தணித்து வைக்கிற மருந்து. அதனால் ஒரு பெரிய உதவி வேண்டும்: வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருப்பதாகத் தெரிந்தால், ராத்திரியானாலும் உடனே எனக்குச் சொல்லுங்கள். அவனுக்கு அது சாதாரண அம்மையாக இருக்காது. சீக்கிரம் தெரிந்தால்தான் டாக்டரால் தடுப்பு மருந்து கொடுக்க முடியும்.

வீட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வயிற்று வலி, ரத்தம், மலத்தின் பதம், எத்தனை முறை, ராத்திரி எழுந்தானா, ஓடியாடினானா என்று ஆறு கேள்விக்கும் மதிப்பெண். மொத்தம் 85. அறுபத்தைந்தைத் தொட்டால் கடுமை, பத்துக்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது. மார்க் குறையக் குறைய நான் சந்தோஷப்படுவது இந்த ஒரு நோட்டில்தான். போன வாரம் 15. குணமாகிவிட்டதாக அர்த்தமில்லை. அடங்கும், மறுபடி மூளும். அதனால் நன்றாகத் தெரிகிற நாளிலும் மருந்தை விடுவதில்லை.

கேட்பது இதைத்தான், டீச்சர். அவன் எழுந்தால் போகட்டும். பாஸ் வேண்டாம், கை தூக்க வேண்டாம், “எங்கே போறே?” வேண்டாம். இடத்தைக் கதவோரம் மாற்றிவிடுங்கள். மாற்று உடுப்பும் ஈரத் துடைப்பானும் அவன் பையின் அடிப்பகுதியில், நீலப் பையில் இருக்கும். பரீட்சையில் வெளியே போன நேரத்தைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் தனியாகக் கேட்கிறேன்.

புதன்கிழமை ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பத்து மணிக்கு மேல்தான் வருவான். கணக்கில் பின்னம் தொடங்குவதாகச் சொன்னான், அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் நானே சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
அவனுடைய அம்மா