அலமாரியில் கிடக்கும் போர்டு உதிரி ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகள் மே மாத வாக்கில் தொடங்கவிருக்கும் சீசனுக்காகக் கொதிகலன்களையும் குழாய்களையும் கன்வேயர்களையும் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் வேளை இது. இந்த ஆயத்தங்களில் ஆண்டுதோறும் விடுபட்டுப்போகிற ஒன்று உண்டு. ஆலையை இயக்கும் பழைய கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கும் பி.எல்.சி.களுக்கும் (எந்திரங்களை நிரல்படி இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள்) உரிய உதிரிப் போர்டுகளை, அதாவது மின்னணுச் சுற்றுப் பலகைகளை, யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. முப்பது ஆண்டுகளாக இந்த வட்டாரத்து ஆலைகளில் கன்ட்ரோல் பேனல்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன் என்ற முறையில் இதுபற்றிச் சில செய்திகளை ஆலை உரிமையாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004-ஆம் ஆண்டில். பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்தில் நான் கை வைத்த பேனல்களில் பல, அந்த மாவட்டப் பிரிவினைக்கும் மூத்தவை. எந்திரத்தின் துருப்பிடிக்காத எஃகுப் பாகங்கள் இன்னும் இருபது ஆண்டுகள் உழைக்கும். ஆனால் கூழ் குறித்த வெப்பநிலையில் குறித்த நொடிகள் நின்றதா என்று பார்த்து, நிற்காவிட்டால் வால்வைத் திருப்பிக் கூழைப் பின்னுக்கு அனுப்பும் வேலையைச் செய்வது ஒரு சாண் அளவுள்ள போர்டுதான். அது ஒரு நிமிடம் உறங்கிவிட்டால்கூட, கிருமிநீக்கம் செய்த குழாய்வழி முழுவதையும் மறுபடி நீராவியால் சுத்திகரித்த பிறகே அடுத்த டிரம்மை நிரப்ப முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கிருந்தது 1990-களில் செய்யப்பட்ட தொழிற்சாலைக் கணினி. வீட்டுக் கணினிபோல ஒரே மதர்போர்டாக இல்லாமல், செருகுவாய்கள் மட்டுமே உள்ள ஒரு பலகையில் பிராசஸர் கார்டும், வால்வுகளுக்கும் வெப்பமானிகளுக்குமான கார்டுகளும் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும் அமைப்பு. எந்திரத்தோடு வந்த உதிரி பிராசஸர் கார்டு ஒன்று ஸ்டோர்ஸில் இருந்தது. பத்து ஆண்டுகளாக அசையாத சரக்கு என்று தணிக்கையில் குறிப்பு எழுதப்பட்டதும், அடுத்த ஆண்டே அது மற்றத் தட்டுமுட்டுகளோடு எடைக்குப் போடப்பட்டுக் காயலான் கடைக்குச் சென்றது. அதற்கு அடுத்த ஜூன் மாதத்தில், முற்றத்தில் பெங்களூரா மாங்காய் மலைபோலக் குவிந்திருக்க, கேட்டுக்கு வெளியே லாரிகள் காத்திருக்க, ஓடிக்கொண்டிருந்த கார்டு போய்விட்டது.

மின்னணு உதிரிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு நாள் முழுக்க அலைந்து, அதே நிறுவனத்தின் அதே வரிசைக் கார்டு ஒன்றை வாங்கிவந்தேன். பொருத்திப் பார்த்தால், கணினி எழுந்தது, நிரல் எழவில்லை. ‘ரன்டைம் எர்ரர் 200’ என்று திரையில் எழுதிவிட்டு நின்றது. அந்த நிரல் டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரலாக்க மென்பொருளில் எழுதப்பட்டது. அவ்வகை நிரல்களில் பல, தொடங்கும்போதே பிராசஸரின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் கணக்குப் போடும். பிராசஸர் ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் விடை அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்காமல், பூஜ்ஜியத்தால் வகுத்த பிழை என்று சொல்லி நின்றுவிடும். நான் வாங்கி வந்த கார்டு பழையதைவிட நல்லது, வேகமானது, அதுவே குற்றமாயிற்று. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புக்குள் சென்று, வேகத்தைக் கூட்டும் கேஷ் நினைவகத்தை அணைத்துப் பிராசஸரை வேண்டுமென்றே மந்தமாக்கிய பிறகே ஆலை ஓடியது. இதற்குள் மூன்று நாட்கள் போயின. முற்றத்து மாங்காய் பழுத்து, அழுகி, நாற்றம் சாலை வரை வந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட தேடுதல் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, விண்ணோடத்தின் பூஸ்டர்களைச் சோதிக்கும் கருவிக்காக இன்டெல் 8086 சில்லுகளை இணைய ஏலத்தில் தேடி வாங்கிக்கொண்டிருப்பதாக 2002-ஆம் ஆண்டில் செய்தி வந்தது. பணத்துக்குப் பஞ்சமில்லாத இடத்திலேயே நிலைமை அப்படி.

காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருந்தால் போதுமா என்றால், போதாது. இந்தக் கடிதத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பத்து ஆண்டுகள் பிரிக்கப்படாத உறையில் இருக்கும் போர்டைப் பலர் புத்தம்புதியது என்று எண்ணுகிறார்கள். போர்டுகளில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) பயன்படுத்தாமல் கிடந்தாலும் கெடும். உள்ளேயுள்ள ஆக்சைடு படலம் மின்னழுத்தம் கிடைக்காமல் நாளடைவில் மெலிந்து, திடீரென்று முழு மின்சாரம் பாயும்போது கசிவு மிகுந்து சூடாகும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நம் ஆலைகளின் ஸ்டோர்ஸ் அறைகள் பெரும்பாலும் தகரக் கூரைக்குக் கீழே இருக்கின்றன; ஏப்ரல் மாதத்து நடுப்பகலில் அங்கே பத்து நிமிடம் நின்றவருக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. இதற்கும் மேலாக, 386, 486 என்ற பழைய பிராசஸர்கள் காலத்துப் போர்டுகள் பலவற்றில் நிக்கல் காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அது கசிந்தால், சுற்றியுள்ள செப்புத் தடங்களைத் தின்றுவிடும். எடுத்து வைக்கும்போதே அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றும் முன் பயாஸ் அமைப்புகளைத் தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பதும், ஜம்பர்கள் (போர்டின் அமைப்பைத் தீர்மானிக்கும் சிறு இணைப்புகள்) எங்கெங்கே இருக்கின்றன என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும் ஐந்து நிமிட வேலை.

ஆகவே, எந்திரத்தில் போட்டு ஓட்டிப் பார்க்காத போர்டை உதிரி என்று கணக்கில் எழுதக் கூடாது. சீசன் இல்லாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு நாள் ஒதுக்கி, ஓடும் போர்டைக் கழற்றி உதிரியைப் பொருத்தி, தண்ணீரை ஓடவிட்டு ஒரு ஷிப்டு முழுவதும் இயக்கிப் பாருங்கள். நன்றாக ஓடினால் அதையே எந்திரத்தில் விட்டுவிட்டு, கழற்றிய பழையதை நிலைமின் தடுப்பு உறையில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, அலுவலகம்போல வெப்பம் குறைந்த இடத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி மாற்றுங்கள். ஓடும் எந்திரத்தில் கை வைக்காதே என்று ஃபோர்மன்கள் சொல்வார்கள். அவர்கள் அச்சம் வெறும் அச்சம் அல்ல. கழற்றி மாட்டும்போது கனெக்டர் ஊசி வளைந்துபோன கதையும் எனக்குத் தெரியும். ஆனால் மார்ச்சில் வளையும் ஊசியை நிமிர்த்த இரண்டு மாதம் இருக்கிறது.

நிரல் இல்லாத போர்டு வெறும் தகடு. பழைய ஹார்டு டிஸ்க்கின் முழுப் பிரதியை எடுத்து, பொருந்தும் இடங்களில் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டில் ஏற்றி, ஓட்டியும் பார்த்து, மற்றொரு பிரதியை ஆலைக்கு வெளியே வைக்க வேண்டும். சில நிரல்கள் பிரின்டர் போர்ட்டில் மாட்டிய டாங்கிள் என்ற உரிமச் சாவி இல்லாமல் திறக்காது. அதைத் தேவையற்ற பொருள் என்று பிடுங்கி எறிந்த ஓர் ஆப்பரேட்டரை நான் அறிவேன். பி.எல்.சி.களில் சிலவற்றில் நிரல் பேட்டரி நினைவகத்தில் இருக்கும். சீசன் முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் ஆலையில், அந்த மாதங்களில் பேட்டரி தீர்ந்தால் நிரலும் போய்விடும். அந்தப் பேட்டரியை மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தணிக்கையாளர்களைக் குறைசொல்லி எழுதியதாக எண்ண வேண்டாம். அவர்கள் முன் வைக்கப்பட்ட பட்டியலில் அந்தக் கார்டு நட்டு, போல்ட்டுகளோடு ஒரு வரியாக இருந்தது. ஒரு குறிப்பிட்ட எந்திரத்துக்கென வாங்கி, ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருக்கும் முக்கிய உதிரியைச் சரக்கிருப்பாக அல்லாமல் எந்திரச் சொத்தாகக் காட்ட 2016-இல் திருத்தப்பட்ட கணக்கியல் தரநிலை 10 இடம் தருகிறது. அப்படிக் காட்டினால் ‘அசையாத சரக்கு’ என்ற பேச்சே எழாது. உரிமையாளர்கள் தங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, புதிய பி.எல்.சி. போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. கடைசியில் அதுதான் வழி. ஆனால் மூல நிரல் யாரிடமும் இல்லாத எந்திரத்துக்குப் புதிதாக நிரல் எழுதி, வெப்பநிலையும் நேரமும் சரியாக இருக்கின்றன என்று ஏற்றுமதி வாங்குபவருக்கு மறுபடி நிரூபிக்க வேண்டும். அது சீசன் நடுவில் செய்யும் வேலை அல்ல. நல்ல உதிரி இருந்தால் மாற்றும் நாளை நாம் முடிவு செய்யலாம்; இல்லையென்றால் பழுதான போர்டு முடிவு செய்யும். புதியது என்று இன்று நம்புகிறவையும் முதுமையை நோக்கித்தான் போகின்றன. ஓசூர் தொழிற்பேட்டையில் கண்ட இடமெல்லாம் காணப்படும் சீமென்ஸ் எஸ்7-300 வரிசை 2023 அக்டோபரோடு வழக்கமான விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு, 2033 வரை உதிரியாக மட்டுமே கிடைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் வயது பத்தைத் தாண்டியிருக்கும். அங்கே உதிரிகள் சோதிக்கப்படுகின்றனவா என்று அதிகாரிகள் உங்கள் நாளிதழ் வழியாகவே தெரிவித்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்ட மக்களுக்கும் நிம்மதி.

சிறிய ஆலைகளுக்கு ஒவ்வொரு கார்டிலும் ஒன்று வாங்கி வைப்பது கட்டுப்படியாகாது. ஆனால் ஒரே வகைக் கார்டு மூன்று நான்கு ஆலைகளில் ஓடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரிடம் எந்தக் கார்டு, எந்தத் திருத்தப் பதிப்பு, கடைசியாக எப்போது ஓட்டிப் பார்க்கப்பட்டது என்ற விவரங்களோடு ஒரு பொதுப் பதிவேட்டை மாவட்டத் தொழில் மையம் முன்னின்று தொடங்கலாம். ஆண்டுக்கொரு முறை அவற்றுக்கு மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும் வேலையைப் பாலிடெக்னிக் மாணவர்களிடம் ஒப்படைத்தால், பாடப்புத்தகத்தில் இல்லாத, பழைய கணினிகளில் கார்டுகளைச் செருகும் ஐ.எஸ்.ஏ. செருகுவாயை அவர்களும் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். போட்டி ஆலைக்கு உதிரியைக் கொடுப்பதா என்ற தயக்கம் இருக்கும். கடனாகக் கொடுத்து, சீசன் முடிந்ததும் திரும்பப் பெறலாம். நம் ஊரில் டீசல் மோட்டாரையும் டிராக்டரையும் கொடுத்து வாங்கும் வழக்கம் புதிதன்று.

என் வீட்டு பீரோவில் மேற்சொன்ன வகை பிராசஸர் கார்டுகள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் கடந்த ஜனவரியில் ஓட்டிப் பார்க்கப்பட்டவை. அந்தப் பேனல் உள்ள ஆலை எதுவாயினும், மார்ச் முடிவதற்குள் தங்கள் எந்திரத்தில் போட்டுச் சோதிப்பதாக இருந்தால், விலையில்லாமல் தருகிறேன். என் முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேனல் பழுதுபார்ப்பவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.