பேண்டு மாஸ்டர்களுக்கும் விருது வேண்டும்

ஐயா,

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் கல்யாண ஊர்வலமோ அம்மன் திருவிழாவோ கிறிஸ்துமஸ் பவனியோ, பேண்டு வாத்தியம் வந்தால்தான் தெருவுக்கே களை வரும். வாசிப்பவர்களைப் பாராட்டுகிறோம், சரி. அவர்களைப் பழக்கிய மாஸ்டர் யாரென்று கேட்கிறோமா?

அவர் வேலை சுலபமானதல்ல. பேண்டில் வழக்கமாக இருக்கும் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள்; அதாவது தாளில் ‘சி’ என்று எழுதியதை வாசித்தால் பி ஃபிளாட் ஸ்வரம்தான் ஒலிக்கும். ஆல்டோ சாக்ஸபோன் ஈ ஃபிளாட். எல்லாம் ஒரே சுருதியில் சேர வேண்டுமென்றால் ஒரே பாட்டை வாத்திய வகைக்கு ஏற்ப வெவ்வேறு சுருதியில் மாற்றி எழுதித் தர வேண்டும். அப்புறம்தான் பயிற்சி. டிரம்பெட்டில் இருப்பது 3 வால்வுகள் மட்டுமே. மற்றதெல்லாம் உதட்டின் இறுக்கத்திலும் மூச்சிலும் பிறக்க வேண்டும். பள்ளி விட்டு வரும் பையனுக்கு அதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, நடந்துகொண்டே தாளம் தப்பாமல் வாசிக்கவும் வைப்பது பெரிய வித்தை. மாஸ்டர்கள் மாறினாலும் ஒரு குழு தலைமுறை தாண்டி நிற்பது இந்த உழைப்பால்தான்.

மாவட்டக் கலை மன்றங்கள் வயது வாரியாகக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை விருது தருகின்றன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019இல் மூன்றாகப் பிரிந்த மாவட்டங்களின் நிர்வாகங்களும் மூத்த பேண்டு மாஸ்டர்களைத் தேடிப்பிடித்து இந்த விருதுகளுக்குப் பரிசீலிக்க வேண்டும். மாலை நேரப் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கூட அறையும் ஒதுக்கித் தரலாம்.

- வாசகர், காட்பாடி