கடலுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு கூட்ட நாள் வேண்டும்

பாம்பன் தீவிலும் மண்டபம் கரையிலும் உள்ள கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் பேரவைப் பெரியவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

"இளையோர் யாரும் வருவதில்லை" என்ற புலம்பல் இல்லாத பேரவைக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. செல்போனையும் கிரிக்கெட்டையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு எழுந்துவிடுகிறோம். நாம் கூட்டம் வைக்கும் நேரத்தை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. மறைக்கல்வி கற்பித்தவள், இளையோர் குழுவுக்கு வழிகாட்டியாக இருந்தவள் என்ற உரிமையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை, இரண்டாம் பூசை முடிந்ததும் இளையோர் கூட்டம். இது யாருக்கு வசதி? ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. சனிக்கிழமை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போன பையன் ஞாயிறு காலையில்தான் கரை சேர்கிறான். இறாலைத் தரம் பிரித்துக் கொடுத்து, கணக்கு முடித்து, கண் எரிச்சலோடு அவன் வீட்டுக்கு நடக்கும்போது நாம் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே கோடு போட்டிருப்போம். வந்து உட்கார்ந்திருப்பவர்கள் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். அவர்களிலும் பாதிப் பேர் மேற்படிப்புக்கு மதுரை, சென்னை என்று கிளம்பிவிடுவார்கள். ஊரிலேயே இருக்கப்போகிறவனை விட்டுவிட்டு, ஊரைவிட்டுப் போகிறவனை வைத்துக் குழு நடத்துகிறோம்.

ஞாயிறு மாலைக்கு மாற்றினால் தீர்ந்தது என்பீர்கள். தீராது. விசைப்படகு போகாத நான்கு நாட்கள்தான் நாட்டுப்படகுக்கு. ஞாயிறும் அதில் அடக்கம். ஆகவே நேரத்தை இரு தரப்புப் பிள்ளைகளிடமும் கேட்டு, வாரம் மாற்றி வாரம் வையுங்கள். சிரமம்தான். ஆனால் விசைப்படகின் இழுவைமடியில் சிக்கி நாட்டுப்படகின் வலை அறுந்த தகராறில் முகம் கொடுத்துப் பேசாத தகப்பன்மார்களின் மகன்கள் ஒரே பாயில் உட்கார இந்தக் கரையில் வேறு எந்த இடம் இருக்கிறது? இந்த ஒரு காரணத்துக்காகவே இளையோர் குழு வேண்டும் என்பேன்.

என்ன பேசுவது என்பதும் கேள்வி. ஜெபமாலை, விவிலிய வினாடிவினா, பாட்டுப் பயிற்சி எல்லாம் இருக்கட்டும். பெல்ஜியத்தில் கார்டின் என்ற குருவானவர் 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்துக்கு உருவம் கொடுத்தபோது, ஆலைக்குப் போன பிள்ளைகளின் வேலையையும் கூலியையும்தான் கூட்டத்தின் பேச்சாக்கினார். பார், சீர்தூக்கு, செயல்படு என்பது அவர் காட்டிய வழி. நம் பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டியவை குறைவா? இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் அண்ணன், முன்பணம் வாங்கியதால் வேறு படகுக்கு மாற முடியாத நண்பன், வளைகுடா வேலைக்கு ஏஜெண்டிடம் கட்டிய பணம். இவற்றைப் பேசாத கூட்டத்துக்கு அவன் தூக்கத்தை விட்டு ஏன் வர வேண்டும்?

தொடங்க நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் 61 நாள் கரையில் கிடக்கும்; பள்ளியும் விடுமுறை. நாமும் அப்போதுதான் தொடங்குகிறோம். ஆனால் ஜூன் 13 அந்தோனியார் திருவிழாவுக்குக் கொடிமரம் நட, சீரியல் விளக்குக் கட்ட, சப்பரம் தூக்க ஆள் வேண்டும் என்பதற்காகத் தொடங்குகிறோம். திருவிழா முடிந்த மறுநாள் தடையும் முடிகிறது. படகோடு குழுவும் போய்விடுகிறது. பெரும்பாலும் அதே வாக்கில் ஃபாதருக்கும் மாறுதல் உத்தரவு வந்துவிடும். புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்குவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; அவர் கையில் கொடுக்க ஒரு தீர்மான நோட்டுகூட நம்மிடம் இருப்பதில்லை. நோட்டும் கணக்கும் பிள்ளைகளிடம் இருக்கட்டும். பொறுப்பாளரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். தேர்தலை ஆகஸ்டில் வையுங்கள். திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகும் வருகிறவன் யார் என்று தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் நடந்துகொள்வது எனக்குக் கோபத்தையே தருகிறது. பீட அலங்காரத்துக்கும் பாட்டுக்கும் அவர்கள் வேண்டும், பொறுப்புக்கு மட்டும் வேண்டாம். இருட்டியபின் கோயில் வளாகத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினால், அந்தத் தெருக் குடும்பங்களின் ஜெபக் குழுவான அன்பியம் கூடும் வீட்டிலேயே இளையோரும் கூடலாம். அம்மாமார்கள் திண்ணையில் இருப்பார்கள். பேச்சு உள்ளே நடக்கும்.

பேரவையில் இளையோருக்கு இரண்டு இடம் கேட்கிறேன், அதில் ஒன்று பெண்ணுக்கு. "அனுபவம் போதாது" என்ற பதில் எனக்குத் தெரியும். வேதாளையில் 1549-இல் கொல்லப்பட்ட சேசு சபைக் குரு அந்தோணி கிரிமினாலிக்கு அப்போது 29 வயது. இந்தக் கரையின் மறைபணிப் பொறுப்பையே சவேரியார் அவரிடம் ஒப்படைத்திருந்தார். இன்று நம் பேரவைக்கு அவர் விண்ணப்பித்தால் இன்னும் கொஞ்ச காலம் போகட்டும் என்போம். திருத்தந்தை பிரான்சிசும் 2019-இல் எழுதிய ‘கிறிஸ்து வாழ்கிறார்’ மடலில், இளையோர் பணியை நடத்துகிறவர்கள் இளையோரே என்றுதான் சொன்னார்.

திருவிழாத் தலைக்கட்டு வரியில் ஒரு சிறு பங்கும், கோயில் மண்டபத்தின் ஒரு சாவியும் அவர்களுக்குக் கொடுங்கள். ஏப்ரலுக்கு முன் பேரவையைக் கூட்டி இதைத் தீர்மானமாக எழுதுங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழையுங்கள். சனிக்கிழமையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
தீவுப் பங்கு ஒன்றின் முன்னாள் மறைக்கல்வி ஆசிரியை