எங்கள் முட்டிக்கும் இடம் கொடுங்கள்: மோட்டார் சைக்கிள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் சைக்கிள் நிறுவனங்களின் வடிவமைப்பு, உதிரிபாகம், வாரண்டிப் பிரிவுகளில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

என் உயரம் 6 அடி 3 அங்குலம். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் மெடிக்கல் ரெப்பாக வேலை பார்க்கிறேன். காலையில் வண்டியில் ஏறினால், கடைசி டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப இரவாகிவிடும். நான் ஓட்டுவது உங்களில் ஒருவர் தயாரித்த 150 சிசி வண்டி. யாருடையது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இந்த விஷயத்தில் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறீர்கள்.

போன மாதம் வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்தது. வாரண்டி இன்னும் முடியவில்லை. சர்வீஸ் சென்டரில் வண்டியைச் சுற்றிப் பார்த்தவர், ஜாப் கார்டில் ‘சீட் வெளியில் மாற்றப்பட்டுள்ளது’ என்று எழுதி, வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டார். உயரத்துக்காக நான் சீட்டில் ஏற்றிய ஃபோமுக்கும் ஷாக் அப்சார்பரின் ஆயில் சீலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “கம்பெனி ரூல் சார், நாங்க என்ன பண்றது” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ரூலை எழுதியவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. அதனால் இந்த மடல்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. உயரமானவர்களுக்கு என்று ஒரு உயரமான சீட், ஹேண்டில்பாரை ஏற்றும் ரைசர், கொஞ்சம் இறக்கி வைத்த ஃபுட்ரெஸ்ட். இந்த மூன்றையும் நீங்களே தயாரித்து, பார்ட் நம்பர் போட்டு, ஷோரூம் கவுண்டரில் விற்க வேண்டும். அதை மாட்டினால் வாரண்டி போகக் கூடாது. விலை வைத்து விற்றால் கொடுத்து வாங்க நாங்கள் தயார்.

உங்கள் பிரோஷரில் ‘சீட் உயரம்’ என்று ஒரு எண் இருக்கும். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 785 மி.மீ., கிளாசிக் 350 805 மி.மீ. என்று எல்லா வண்டிக்கும் அது உண்டு. அந்த எண் சொல்வது சீட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை. கால் தரையில் எட்டுமா என்று பார்ப்பவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். எனக்கு எந்த வண்டியிலும் கால் எட்டும். எனக்குத் தெரிய வேண்டியது சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு தள்ளி, எவ்வளவு மேலே இருக்கிறது என்பது. முட்டி எவ்வளவு மடங்கும், முதுகு எவ்வளவு வளையும் என்பதை முடிவு செய்வது அந்த அளவுகள்தான். நான் பார்த்த எந்த பிரோஷரிலும் அவை இல்லை. மீட்டியார் 350-இன் சீட் 765 மி.மீ.தான், ஆனால் கால் முன்னால் நீண்டிருப்பதால் நெட்டையானவர்கள் சிலருக்கு அது வசதியாக இருக்கிறது. அதைவிட உயரமான சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் வண்டியில் ஃபுட்ரெஸ்ட் பின்னால் ஏறி இருப்பதால் முட்டி இன்னும் அதிகமாக மடங்கும். ஆக, அந்த ஒரு எண்ணை நம்பி வண்டி வாங்க முடியாது. டெஸ்ட் ரைடு என்று தெருமுனை வரை போய் வந்தாலும் எதுவும் தெரியாது. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தாண்டும்போதுதான் முட்டியும் இடுப்பும் பேச ஆரம்பிக்கும்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யூ டர்ன் எடுப்பதைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். கம்பெனியிலிருந்து வந்த நிலையில் என் வண்டியில் உட்கார்ந்தால், என் முட்டி டேங்குக்கு மேலே வந்துவிடும். ஹேண்டிலை முழுக்க ஒடித்தால் அந்தப் பக்கத்து கிரிப் நேராக முட்டியில் வந்து இடிக்கும். இடது பக்கம் ஒடிக்கும்போது ஹார்ன் சுவிட்ச் முட்டியில் பட்டு, யாரும் எதிரில் இல்லாதபோதே ஹார்ன் அடிக்கும். வண்டி திரும்ப வேண்டுமென்றால் முட்டியை வெளியே விரித்து ஹேண்டிலுக்கு வழிவிட வேண்டும். வேகம் குறைந்து, வண்டி ஆடும் அந்த நேரத்தில்தான் இரண்டு முட்டியாலும் டேங்கைப் பிடித்திருக்க வேண்டும். நான் ஒரு காலை ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு திரும்புகிறேன். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி ரோட்டில் மீடியன் இடைவெளியில் திரும்பும்போது பின்னால் லாரி வரும். பாதியில் ஹேண்டில் முட்டியில் நின்றுவிட்டால் வண்டி நேராக எதிர்ப் பக்கத்துக்குத்தான் போகும். இதை வசதிக் குறைவு என்று எழுதி வைத்துவிடாதீர்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றால் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ, ஹேண்டில் முழுக்கத் திரும்பவில்லை என்பதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் தராததால் வெளியில் போகிறோம். வெளியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

சென்னை புதுப்பேட்டையில் சீட் வேலை செய்பவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்களிடம் இருப்பது வெட்டி ஒட்டும் ஷீட் ஃபோம். உங்கள் தொழிற்சாலையில் அச்சில் வார்க்கும் ஃபோம் அவர்களிடம் கிடையாது. மெத்தென்ற ஃபோமை ஏற்றினால் கொஞ்ச நாளில் அமுங்கிப் பழைய உயரத்துக்கே வந்துவிடும். கெட்டி ஃபோமை ஏற்றினால் பலகையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மேலே புதிதாக ரெக்சின் போட்டுத் தைக்கிறார்கள். ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் மழையில் தண்ணீர் குடிக்கும். அடுத்த நாள் நல்ல வெயில் அடிக்கும், சீட்டின் மேல்பக்கம் காய்ந்து சுத்தமாகத் தெரியும். உட்கார்ந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீர் அமுங்கி மேலே வரும். பேண்ட் பின்பக்கம் நனைந்துபோய், டாக்டர் அறைக்கு வெளியே நோயாளிகள் நடுவே சுவரோரமாக நின்றுகொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பையைப் பின்னால் பிடித்துக்கொண்டே உள்ளே போய், மருந்தைப் பற்றிப் பேசிவிட்டு, திரும்பிக் காட்டாமல் வெளியே வர வேண்டும். மழைக்காலம் முழுக்க என் வேலை இப்படித்தான் நடக்கிறது.

சரி, சீட் ஏறிவிட்டது. இப்போது ஹேண்டில் தாழ்ந்துவிட்டது. முதுகு முன்னால் குனிகிறது, பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. அதனால் ஹேண்டிலுக்கு ரைசர் போட வேண்டும். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கும் ரைசரை வாங்கிப் போட்டேன். முட்டி இடிப்பது நின்றது. ஆனால் ஆக்சிலேட்டர் கேபிள் பழைய உயரத்துக்கு அளந்து செய்தது. ஹேண்டிலை முழுக்க ஒடித்ததும் கேபிள் இழுபட்டு, நான் கையைத் திருகாமலே இன்ஜின் உறுமியது. யூ டர்ன் நடுவில் வண்டி தானாக வேகமெடுத்தால் என்ன ஆகும் என்று வண்டி வடிவமைக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முன் பிரேக் ஹோஸும் அப்படித்தான் இழுபடும். ரைசரைக் கழற்றி வைத்துவிட்டேன். நீளமான கேபிளும் ஹோஸும் சேர்த்துக் கொடுக்க உங்களால்தான் முடியும்.

ஃபுட்ரெஸ்ட் இன்னும் மோசம். இன்ஜினுக்கு அடியில் போகும் அந்தக் கம்பியை வெல்டிங் கடையில் அறுத்து, வளைத்து, இறக்கி வைத்துத் தருகிறார்கள். ஃபுட்ரெஸ்ட் இறங்கும், ஆனால் கியர் லீவரும் பிரேக் பெடலும் பழைய இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு கியருக்கும் காலைத் தூக்க வேண்டும். என் ஷூ 12-ஆம் நம்பர். ஏற்கெனவே கியர் லீவருக்கு அடியில் ஷூ நுழையாமல் சிக்கும். ஸ்பீடு பிரேக்கரில் இறக்கிய கம்பி உரசும். வெல்டிங் விட்டுப்போனால் கால் நேராக ரோட்டில். இதை நான் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். எங்களைப் போன்ற சிலர் வேறு வழியில்லாமல் செய்துகொண்டு ஓட்டுகிறார்கள்.

அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன். சீட், ரைசர், ஃபுட்ரெஸ்ட் மூன்றும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை. ஒன்றை மாற்றினால் இன்னொன்று கெடும். எவ்வளவு ஏற்றலாம், எவ்வளவு இறக்கலாம், வண்டி சாயும்போது எது தரையில் இடிக்கும் என்ற கணக்கெல்லாம் உங்கள் டிராயிங்கில் இருக்கிறது. அதைக் கடைக்காரரின் கண் திட்டத்துக்கு விட்டுவிடாதீர்கள்.

சட்டத்தையும் காட்டுவீர்கள் என்று தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. சைலன்சரை மாற்றி ஊரையே அலற வைப்பவர்களுக்கு அந்தச் சட்டம் வேண்டும்தான். ஆனால் முட்டி இடிக்காமல் திரும்ப வேண்டும் என்பதற்காக ஹேண்டிலைக் கொஞ்சம் ஏற்றியவனும் செக்போஸ்ட்டில் பயந்துகொண்டே போக வேண்டியிருக்கிறது. நீங்களே முறைப்படி ஒப்புதல் வாங்கி, அந்த வண்டிக்கான பாகம் என்று விற்றால் இந்தப் பயமே இருக்காது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதியை நினைத்துப் பாருங்கள். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், உடை சக்கரத்தில் சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்க வேண்டும் என்று அது கேட்கிறது. புடவை கட்டிய பெண்கள் பின்னால் உட்காருவார்கள் என்று யோசித்து எழுதப்பட்ட நல்ல விதி அது. அதே அக்கறையில் கொஞ்சம் ஓட்டுபவரின் உடம்பின் மேலும் வைக்கலாம்.

‘இவ்வளவு உயரமானவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்’ என்று ஷோரூமில் கேட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல், இந்திய ஆணுக்கான அளவுகோல் உயரத்தை 177 செ.மீ.க்கு உயர்த்தியது. அடுத்த தலைமுறை நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டது என்பதை எந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றாலும் பார்க்கலாம். டவுன் பஸ்ஸில் முட்டியை இடைவழிக்கு நீட்டி உட்கார்ந்து எல்லோருடைய திட்டையும் வாங்குகிறோம். ரயிலில் சைடு பெர்த்தில் காலை மடக்கிக்கொண்டு விடிய விடிய முழித்துக் கிடக்கிறோம். பஸ்ஸும் ரயிலும் பொதுச் சொத்து, எல்லோருக்கும் ஒரே அளவு என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வண்டி என் சம்பளத்தில் மாதாமாதம் இஎம்ஐ கட்டி எனக்கென்று வாங்கியது. அதிலுமா நான் மடங்கி உட்கார வேண்டும்?

வண்டி டெலிவரி எடுக்கும் அன்று கிராஷ் கார்டு, சீட் கவர், டேங்க் கவர், ஸ்டிக்கர் என்று வேண்டாம் என்றாலும் பில்லில் ஏற்றுகிறார்கள். ‘எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்’ என்று ஒரு தாளே தனியாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளில் எனக்குத் தேவையான ஒரே ஒரு பொருள்கூட இல்லை என்பதுதான் கோபமாக வருகிறது.

முடியாத காரியம் என்றால் நான் கேட்கவே மாட்டேன். ஹிமாலயன் 450-இல் சீட்டை 825, 845 மி.மீ. என இரண்டு உயரத்தில் மாற்றி வைக்கலாம். குள்ளமானவர்களுக்கு லோ சீட் தனியாகக் கிடைக்கிறது. கிடைக்கத்தான் வேண்டும், என் தங்கை மாதிரி ஆட்களுக்கு அது பெரிய உதவி. சின்னக் கார்களில்கூட டிரைவர் சீட்டை ஏற்றி இறக்க வசதி வந்துவிட்டது. அவ்வளவு ஏன், எங்கள் ஊரில் மணிக்கணக்கில் வாடகைக்கு சைக்கிள் விட்ட அண்ணன், என்னைப் பார்த்ததும் ஸ்பானரை எடுத்து சீட்டின் நட்டைத் தளர்த்தி, உயர்த்தி, இறுக்கிக் கொடுப்பார். எட்டாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த அந்த மரியாதை, லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டியில் கிடைக்கவில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டி எழுதிவிட்டேன். பணிவாகவே கேட்டு முடிக்கிறேன். எல்லா மாடலுக்கும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. அதிகம் விற்கும், தினசரி ஓட்டத்துக்கான ஒரு கம்யூட்டர் மாடலை எடுத்துக்கொண்டு, அதற்கு மட்டும் உயரமான சீட், சரியான கேபிளுடன் ரைசர், கியர் லீவரோடு சேர்த்து இறக்கிய ஃபுட்ரெஸ்ட் என ஒரு செட் கொண்டுவாருங்கள். அது வரும்வரை, சீட்டை மட்டும் உயர்த்தியவர்களின் வாரண்டியை, பழுதுக்கும் சீட்டுக்கும் சம்பந்தம் இருந்தால் ஒழிய மறுக்காதீர்கள். அடுத்த முறை பிரோஷர் அச்சடிக்கும்போது சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு வரியில் போடுங்கள். அளந்து எழுத ஒரு டேப் போதும்.

அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். உங்கள் தொழிற்சாலைகள் இருக்கும் ஓரகடமோ, ஓசூரோ, விடுமுறை நாளில் நானே வண்டியோடு வருகிறேன். என்னைவிட உயரமான இரண்டு நண்பர்களையும் அழைத்து வருகிறேன். பயணச் செலவு எங்களுடையது.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
விழுப்புரம் மாவட்டத்து மெடிக்கல் ரெப் ஒருவர்