உருண்டை பிடிக்க ஒரு சனிக்கிழமை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் கட்டணம் பற்றியதும் இல்லை, தேர்வு பற்றியதும் இல்லை. தின்பண்டம் பற்றியது. உட்கார்ந்து நிதானமாகவே படிக்கலாம்.

போன வாரம் காலைச் சபைகூடலில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் நின்ற இடத்திலேயே சரிந்தான். நிழலுக்குக் கொண்டுபோய், முகம் துடைத்து, தண்ணீர் கொடுத்து, “பசியாறினாயா?” என்று கேட்டேன். “இல்ல டீச்சர், அண்ணனோட மாவு குடிச்சேன்” என்றான். பையைத் திறந்து பார்த்தால், குலுக்கிக் குடிக்கும் பெரிய பாட்டில் ஒன்று, அடியில் பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகப் புரோட்டின் மாவு. அண்ணன் ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றுகிறான், விளையாட்டுப் போட்டி வருகிறது, 100 மீட்டர் ஓட நமக்கும் கொஞ்சம் ஏறட்டும் என்பது பையன் போட்ட கணக்கு. மாவால்தான் மயங்கினான் என்று நான் சொல்ல மாட்டேன். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட வயிறும் காலைப் புழுக்கமும் சேர்ந்தால் அதற்கு மாவே வேண்டாம். இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு கப் மைலோவும் உள்ளே போனதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

அன்று ஓய்வு நேரத்தில் வகுப்பு வகுப்பாகப் போய், “யார் பசியாறாமல் வந்தீர்கள்?” என்று கேட்டேன். தூக்கிய கைகளை இங்கே எண்ணிச் சொல்லப் போவதில்லை. உங்களைச் சங்கடப்படுத்துவது என் நோக்கமும் இல்லை. ஆறேகாலுக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், நானும் இரண்டு பிள்ளைகளை அப்படி வளர்த்தவள்தான். ஆர்.எம்.டி. என்ற கூடுதல் உணவுத் திட்டப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் பள்ளியில் சாப்பாடு உண்டு. மற்ற பிள்ளைகள் ஓய்வு மணி அடிக்கும்வரை காத்திருந்து, அடித்ததும் ஓடிப்போய் வாங்குவது இனிப்புத் தண்ணீரும் மொறுமொறு பாக்கெட்டும்தான்.

அதனால்தான் உருண்டையைப் பற்றி எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது நம் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடியும் முன்பே அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து வேலையாட்களின் காலைப் பெயர்க் கணக்கெடுப்புக்கு, கிளம்பிவிடுவார். எங்களை எழுப்பிச் சோறூட்ட நேரம் ஏது? மேசைமேல் பழைய பால்மாவு டின் இருக்கும், அதற்குள் பொட்டுக்கடலை உருண்டை. ஆளுக்கு ஒன்று, பெரியவனுக்கு ஒன்றரை. அந்த அரைக்காக நடந்த சண்டையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகள் எதிலும் ஓவன் அடுப்பு கிடையாது. ஓவனில் சுடாமல் செய்வதை இன்று ‘நோ பேக்’ என்று தனிப் பெயர் வைத்துச் சொல்கிறார்கள். எள்ளுருண்டை, கடலை உருண்டை, பயத்தம் உருண்டை எல்லாம் அந்த வகைதான். வறுப்பது, இடிப்பது, பிடிப்பது, அவ்வளவுதான் வேலை.

புரதக் கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம், ஏனென்றால் அந்தப் பாட்டில் மாவு இன்னும் சில பைகளில் இருக்கக்கூடும். நம் மலேசிய நாட்டு ஊட்டச்சத்துப் பரிந்துரை 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 23 கிராம் புரதம் என்கிறது. 10 முதல் 12 வயதுக்கு 30 கிராம் அளவில் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிளாஸ் பாலில் 8 கிராம், மதியச் சோற்றோடு ஒரு நடுத்தரக் கெம்போங் மீன் துண்டில் 10 கிராம். அப்புறம் பருப்பு வேறு இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்குப் புரதப் பஞ்சமே இல்லை. பெரியவர்களுக்காகச் செய்த மாவை, தயவுசெய்து, பிள்ளைகளின் பாட்டிலில் போட வேண்டாம். காலையில் வெறும் சர்க்கரை போனால் பசி சீக்கிரம் திரும்பி வருகிறது. கடலையும் பருப்பும் போனால் வயிறு கொஞ்சம் தாங்குகிறது. நான் உருண்டையிடம் எதிர்பார்ப்பது அவ்வளவே.

சரி, செய்முறைக்கு வருவோம். பள்ளியில் நாங்கள் செய்து பார்த்த அளவு இது: வறுத்த நிலக்கடலை 200 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், எள் 50 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம். கச்சான் என்று சொன்னால்தான் புரியும் என்பவர்களுக்கு, கடலை என்று நான் சொல்வது அதைத்தான். உப்புப் போட்டு வறுத்த பாக்கெட்டை வாங்காதீர்கள். பச்சைக் கடலையை வாங்கி, வாணலியில் சிறு தீயில், கை விடாமல் கிளறி வறுக்க வேண்டும். தோல் வெடித்து, ஒன்றை எடுத்துக் கடித்தால் பச்சை வாசனை போயிருக்க வேண்டும். உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். சூடான வாணலியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் கருகிக்கொண்டே இருக்கும்.

ஆறியதும் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். கடலையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் தோல் கழன்று வரும். அப்புறம் முறத்தில் போட்டுப் புடைக்க வேண்டும். முறம் இல்லாவிட்டால் தட்டை வாசலுக்குக் கொண்டுபோய் ஊதச் சொல்லுங்கள். தோல் பறந்து தலைமுடியில் ஒட்டும், அதற்குத்தான் பிள்ளைகள் வருவார்கள். எள்ளைத் தனியாக வறுக்க வேண்டும், படபடவென்று பொரியும்போது இறக்கிவிட வேண்டும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான், அப்படியே மிக்ஸியில் மாவாகத் திரித்துக்கொள்ளலாம்.

கடலையை அரைப்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். மிக்ஸியை ஒரே ஓட்டமாக ஓடவிட்டால் எண்ணெய் விட்டுப் பசையாகிவிடும். விட்டு விட்டு ஓட்டி, ரவைபோல் ஆனதும் நிறுத்துங்கள். பிறகு எள்ளையும் பொட்டுக்கடலை மாவையும் பேரீச்சம்பழத்தையும் சேர்த்து இரண்டு சுற்று. கையில் கொஞ்சம் எடுத்து அழுத்திப் பாருங்கள். விரல் தடம் அப்படியே நின்றால் பதம் சரி. உதிர்ந்தால் இன்னும் இரண்டு பழம், கையில் ஒட்டினால் இன்னும் ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவு. பழம் காய்ந்துபோயிருந்தால் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு, நன்றாகப் பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாசனைக்கு ஏலக்காய் போதும். நான் பாலேக் பூலாவ் ஜாதிக்காயைச் சிட்டிகைக்கும் குறைவாகத் துருவிப் போடுகிறேன், நம் பினாங்குத் தீவின் சரக்கு என்ற பாசம்தான். அதிகம் போட்டால் மருந்துக்கடை வாடை வந்துவிடும், ஜாதிக்காயை அளவுக்கு மீறிச் சாப்பிடவும் கூடாது.

இந்த அளவில் 25 உருண்டை வரும். மொத்தப் புரதம் ஏறத்தாழ 80 கிராம். ஆக, இரண்டு உருண்டை ஒரு முட்டைக்குச் சமம். இனிப்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன்: பேரீச்சம்பழம் என்பதால் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது. ஓர் உருண்டையில் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி சர்க்கரைக்கு நிகரான இனிப்பு இருக்கிறது. வெல்லமும் குலா மலாக்கா என்ற பனைவகை வெல்லமும் அதே கதைதான், நிறமும் மணமும் வேறு, அவ்வளவே. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2019 ஜூலை முதல் நம் அரசாங்கம் வரி போடுகிறது. அந்த எல்லையைத் தொட்ட ஒரு 250 மில்லிலிட்டர் பாக்கெட்டிலேயே இரண்டரை, மூன்று தேக்கரண்டி வந்துவிடுகிறது. ஓர் உருண்டையும் பச்சைத் தண்ணீரும் கொடுத்து அனுப்புங்கள். சிறிய பிள்ளைக்கு ஒன்று, பெரிய பிள்ளைக்கு இரண்டு. டப்பாவோடு கொடுக்காதீர்கள், திரும்பி வருவது டப்பா மட்டும்தான்.

இணையத்தில் பார்த்துச் செய்கிறவர்களுக்கு என் சொந்த அவமானம் ஒன்று. தேங்காய் எண்ணெய், தேன், ஓட்ஸ், கோக்கோ சேர்த்து, குளிர்பெட்டியில் இறுக்கி, துண்டு துண்டாக வெட்டினேன். வீட்டில் பார்க்க அவ்வளவு அழகு. கைப்பையில் வைத்துப் பாலத்தைத் தாண்டி வருவதற்குள் அது குழம்பாகிவிட்டது. பையிலிருந்த வருகைப் பதிவுக் கோப்பை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் முன் நான் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகுகிறது, நம் ஊரில் பகலில் 31, 32 டிகிரி. குளிர்நாட்டுக்காரர்களின் செய்முறை நம் புத்தகப் பைக்குப் பொருந்தாது. இன்னொன்றும் பார்த்தேன்: பச்சை மைதாவைச் சர்க்கரையோடு பிசைந்து அப்படியே சாப்பிடுவது. அது வேண்டாம். வேகாத மாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம். நம் பாட்டிமார் எந்த மாவையும் வறுக்காமல் தொட்டதில்லை.

கடலையை வாங்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு வாங்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வாயில் போட்டுக் கசந்தால் துப்பிவிடுங்கள். வறுத்தால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. பூஞ்சை விடும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு வாணலிச் சூட்டுக்கு முழுவதும் அழிவதில்லை. வயதானவர்களுக்கு நினைவிருக்கும், 1988-இல் பேராக்கில் ‘லோ சி ஃபன்’ நூடல்ஸ் சாப்பிட்டு 13 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த உணவில் கண்டதும் இதே நஞ்சுதான். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சைக்கு ஒரு வாரம் போதும். கொஞ்சமாக வாங்குங்கள். செய்த உருண்டையைக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஈரக் கையை உள்ளே விடாதீர்கள்.

இனி நான் கண்டிப்பாகப் பேச வேண்டிய பகுதி. சில பிள்ளைகளுக்குக் கடலை ஆகாது, சிலருக்கு எள் ஆகாது. ஆகாது என்றால் அடம்பிடிப்பது அல்ல, உயிருக்கே ஆபத்து. உதடு வீங்கும், உடம்பில் தடிப்பு எழும், மூச்சு இழுக்கும். அந்த நேரத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் 999-க்கு அழைக்க வேண்டும். ஆகவே பள்ளியில் உருண்டையை நண்பனுக்குக் கடித்துக் கொடுக்கும் பழக்கம் கூடாது, பகிர்ந்து உண் என்று நாங்களே சொல்லிக் கொடுத்திருந்தாலும் சரி. கடலை ஆகாத பிள்ளைக்குப் பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்துத் திரித்து, பொடித்த சர்க்கரையும் சூடான நெய்யும் விட்டுப் பிடித்துக் கொடுக்கலாம். அதற்குமுன் மற்றப் பருப்பு வகைகள் ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாலர் பள்ளித் தம்பி தங்கைகளுக்கு முழுக் கடலை கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும். மாவாக அரைத்ததை உட்கார வைத்துக் கொடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தை வீட்டில் இருந்தால் அதற்குத் தேன் துளிகூட வேண்டாம்.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு சேர்ந்து உருண்டை பிடிக்கிறோம். ஒரு மேசையில் கடலை உருண்டை. மண்டபத்தின் மறுகோடியில், வேறு மிக்ஸி, வேறு பாத்திரம் வைத்துப் பயத்தம் உருண்டை. தாத்தா பாட்டி வந்தால் இன்னும் நல்லது, உருண்டை பிடிக்கத் தெரிந்த கைகள் எங்கள் ஆசிரியர்களிடம் குறைவு. அப்பாக்களும் வரலாம். நின்று வேடிக்கை பார்க்க அல்ல, கடலை வறுக்க. சாமான் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

இத்துடன் இருக்கும் சீட்டில் உங்கள் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு எது என்று எழுதி, கையொப்பமிட்டு, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுங்கள், வெற்றுச் சீட்டை வைத்து நான் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வரும்போது மூடியுள்ள ஒரு டப்பா கொண்டு வாருங்கள். வீட்டில் முறம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், பள்ளியில் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் பொங்கலுக்குக் கோலம் போட்டு மஞ்சள் பூசி வைத்தது.

அன்புடன்,
தலைமையாசிரியர்